பிறபொருளெதிரியை வரைந்து பார்ப்போம்

மாரிக் காலத்தில் மட்டக்களப்பில் பலர் கையில் டெங்குப் பரிசோதனை அறிக்கை இருக்கும். அதில் என்எஸ்1, ஐஜிஎம், ஐஜிஜி என்று மூன்று பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னைய இரண்டும் பிறபொருளெதிரிகள், அதாவது கிருமிகளைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதங்கள். அவை என்னவென்று விளங்க ஒரு கொப்பித் தாளும் நீலம், சிவப்பு என இரண்டு பேனைகளும் போதும். உயர்தரத்தில் உயிரியல் தொடங்கும் பிள்ளைகள் கட்டாயம் வரைந்து பாருங்கள்.

படி 1: பிறபொருளெதிரியின் உடலை வரையுங்கள்
நீலப் பேனையால் இரண்டு கோடுகளை அருகருகே மேலே இழுத்து, பாதியில் இரண்டு பக்கமும் பிரித்து விடுங்கள். கவட்டை மாதிரி வரும். இவை பாரச் சங்கிலிகள், அமினோவமிலங்கள் கோத்த நீண்ட இழைகள். ஒவ்வொரு கைக்கும் வெளிப்பக்கத்தில் சிவப்பால் ஒரு குறுங்கோடு போடுங்கள். அவை இலேசான சங்கிலிகள். நான்கையும் சிறு குறுக்குக் கோடுகளால் இணையுங்கள். அவைதான் இருசல்பைட்டுப் பிணைப்புகள், அதாவது இரண்டு கந்தக அணுக்கள் சேரும் பிணைப்புகள். ஐஜிஜி தயார்.

படி 2: கைநுனிகள்
இங்கே அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஏறத்தாழ 110 அமினோவமிலங்கள் கொண்ட பகுதியை நிழற்றுங்கள். பிறபொருளெதிரிக்குப் பிறபொருளெதிரி மாறுவது முக்கியமாக இந்தப் பகுதிதான். அதற்குள்ளும் மிக அதிகமாக மாறுபவை மூன்று சிறு வளையங்கள். நீலத்தில் மூன்று, சிவப்பில் மூன்று, ஆக ஒரு கைநுனியில் ஆறு. ஆறு புள்ளிகள் வையுங்கள். இரண்டு கைநுனிகளும் ஒரே மாதிரியானவை.

படி 3: பிடிப்பது எப்படி?
ஒரு நுனிக்கு எதிரே டெங்கு வைரசை வட்டமாக வரையுங்கள். பிறபொருளெதிரி முழு வைரசையும் அடையாளம் காண்பதில்லை. அதன் மேற்புறப் புரதத்தில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பிடிக்கிறது. ஐதரசன் பிணைப்பு, மின்னேற்றக் கவர்ச்சி, வந்தர்வாலிசு விசை, நீர்வெறுப்பு விளைவு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிடி. தனித்தனியே இவை பலவீனமானவை, பெரும்பாலும் மிக அருகில்தான் வேலை செய்யும். அதனால் இரண்டு மேற்பரப்புகளும் நெருங்கிப் பொருந்தினால்தான் பிடி இறுகும்.

டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உருவான பிறபொருளெதிரி இன்னொரு வகையில் ஒட்டினாலும், அதை முடக்கும் அளவுக்குப் போதாமல் போகலாம். அப்போது கவட்டையின் அடிக்காம்பைச் சில நிர்ப்பீடனக் கலங்கள் பற்றி இழுக்க, கூடவே வைரசும் உள்ளே போய்விடுகிறது. இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

படி 4: அறிக்கைக்கு வாருங்கள்
என்எஸ்1 வைரசின் புரதம், அதாவது பிறபொருளெதிரியை உருவாக்க உடலைத் தூண்டும் பிறபொருளெதிரியாக்கி. காய்ச்சலின் முதல் நாட்களிலேயே இரத்தத்தில் தெரியும். ஐஜிஎம் அப்படியல்ல, உடல் அதை உருவாக்கச் சில நாட்கள் வேண்டும். ஐந்து கவட்டைகள் சேர்ந்த வடிவம் அது, பத்துக் கைநுனிகள். முதல் தொற்றில் ஐஜிஜி அதற்கும் பிந்தித்தான் வரும், இரண்டாம் தொற்றில் வேகமாக உயரும். ஆகவே இரண்டாம் நாள் ஐஜிஎம் இல்லை என்று வந்ததை வைத்து டெங்கு இல்லை என்று இருந்துவிடாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.