'ஹார்ட்லி' போட்டால் உழைப்பு காணாமல் போகும்

வேலைக்கான விண்ணப்பத்தில் ஒருவர் 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதுகிறார். கடுமையாக உழைத்தேன் என்று சொல்வதுதான் அவர் எண்ணம். படிப்பவருக்கோ, வேலையே செய்யாதவரின் வாக்குமூலம் மாதிரித் தெரியும்.

இதற்குக் காரணம் பள்ளியில் மனப்பாடம் செய்த விதி. பெயரடையோடு 'லி' சேர்த்தால் வினையடை. 'ஸ்லோ' என்பது 'ஸ்லோலி' ஆகும். 'ஹார்ட்' இதற்குள் அடங்காது. பெயரடையும் அதுவே, வினையடையும் அதுவே. 'ஷீ வொர்க்ஸ் ஹார்ட்', அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் இதன் வினையடை வடிவத்துக்குக் கடைசியில் ஓர் உயிரொலி இருந்தது. அது தேய்ந்துபோனதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'ஃபாஸ்ட்' கதையும் இதேதான், 'ஃபாஸ்ட்லி' என்று யாரும் எழுத வேண்டாம்.

'ஹார்ட்லி'க்கும் ஒரு காலத்தில் 'வலுவாக' என்ற பொருள் இருந்தது. இன்று 'அநேகமாக இல்லை' என்பதே பொருள். எதிர்மறை அதற்குள்ளேயே இருப்பதால் 'ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்' என்பது தவறு. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர்' போதும்.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். 'ஹீ ஸ்டடீட் இங்கிலீஷ் ஹார்ட்' என்றால் முட்டி மோதிப் படித்தான். 'ஹீ ஸ்டடீட் ஹார்ட் இங்கிலீஷ்' என்றால் கடினமான ஆங்கிலத்தைப் படித்தான். ஒரே சொல் இடம் மாறியதில் பாராட்டு பாடத்துக்குப் போய்விட்டது!

அப்புறம் 'டிலிஜென்ட்லி'. இது 'ஹார்ட்' சொல்லுக்குப் போடும் பட்டுச்சட்டை என்று நினைத்து எல்லா இடத்திலும் மாட்டுகிறார்கள். கதவைத் தள்ளுவது, மழை அடித்துப் பெய்வது போன்றவற்றுக்கு 'ஹார்ட்' மட்டுமே பொருந்தும். கவனமும் பொறுமையும் வைத்துத் தொடர்ந்து செய்கிற வேலைக்குத்தான் 'டிலிஜென்ட்லி': கணக்குகளை வரி வரியாகச் சரிபார்ப்பது, தினமும் பயிற்சி எடுப்பது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் இது கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும்.

'பையன் சின்சியரா படிக்கிறான்' என்று நாம் தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். சரி, அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் வெளிநாட்டவர் குழம்புவார். அவர்களுக்கு 'சின்சியர்லி' என்பது மனதார, பாசாங்கில்லாமல் என்பதைத்தான் குறிக்கும். மன்னிப்புக்கும் நன்றிக்கும் சரி, படிப்புக்கு 'ஹார்ட்' அல்லது 'டிலிஜென்ட்லி'.

'ஹார்ட் வொர்க்' இரண்டு சொல், இடைவெளி விட்டு எழுதுங்கள். ஆளைச் சொல்லும்போது 'ஹீ இஸ் ஹார்ட் வொர்க்' அல்ல, 'ஹீ இஸ் ஹார்ட்வொர்க்கிங்'. முதல் வாக்கியத்துக்கு, அந்த ஆளோடு மல்லுக்கட்ட முடியாது என்று அர்த்தம் வந்துவிடும்.