கார்வரைப் படிக்க ஒரு பென்சில் வேண்டும்

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர், கவிஞர் ரேமண்ட் கார்வரை நான் தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். அவருக்குப் பெரிய பெயர் வாங்கித்தந்த 1981 சிறுகதைத் தொகுப்பான 'வாட் வி டாக் அபவுட் வென் வி டாக் அபவுட் லவ்' புத்தகத்தை ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, "இதில் கதை எங்கே?" என்று மூடி வைத்தேன். அப்புறம் இரண்டு வருடம் தொடவில்லை. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இப்போது வேறு வழி சொல்கிறேன்.

அந்தத் தொகுப்பில் 'தி பாத்' என்ற சின்னக் கதையை மட்டும் முதலில் படியுங்கள். மகனின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் சொல்லி வைக்கிறாள். பிறந்தநாளன்று பையன் காரில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராத கோபத்தில் பேக்கரிக்காரர் வீட்டுக்கு போன் செய்துகொண்டே இருக்கிறார். கதை ஒரு போன் அழைப்போடு நின்றுவிடும். பையன் பிழைத்தானா என்பதுகூடத் தெரியாது.

மறுநாள் 'எ ஸ்மால், குட் திங்' கதையை எடுங்கள். 1983இல் வந்த 'கதீட்ரல்' தொகுப்பில் இருக்கிறது. அதே கேக், அதே பையன். ஆனால் இங்கே பையன் இறந்துபோகிறான். பெற்றோர் ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போக, பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டுச் சூடான ரொட்டியைச் சாப்பிட வைக்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் பென்சில். முதல் கதையில் இல்லாதது எல்லாவற்றையும் இரண்டாவதில் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். பிற்பாடு சேர்த்தது என்று தோன்றும். உண்மையில் நீளமான கதைதான் முன்னால் எழுதப்பட்டது. வெட்டியவர் எடிட்டர் கார்டன் லிஷ். புத்தகத்தை நிறுத்தச் சொல்லி 1980 ஜூலை 8ஆம் தேதி கார்வர் அவருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். புத்தகம் வெளிவந்துவிட்டது. வெட்டாத பிரதிகள் 2009இல்தான் 'பிகினர்ஸ்' என்று வந்தன. லிஷைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அந்தப் போன் மணியில் இருக்கும் பயம் நீளமான கதையில் இல்லை. ஆனால் ரொட்டியை மறக்க முடியவில்லை.

வாழ்க்கை வரலாறு? கொஞ்சம் போதும். 1938இல் ஆரிகனில் பிறந்தார். அப்பா மர ஆலைத் தொழிலாளி. 19 வயதில் கல்யாணம், 20 வயதில் இரண்டு குழந்தைகள். சாக்ரமென்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரித் துப்புரவு வேலை. அயோவா சிட்டியில் துணி துவைக்கும் கடையொன்றில் துணி உலர்த்தும் டிரையர் காலியாவதற்காகக் காத்து நின்ற நேரத்தைப் பற்றி ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். சிறுகதையையும் கவிதையையும் ஏன் பிடித்துக்கொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஓரிரு உட்காரலில் முடிகிற எழுத்துக்குத்தான் அவருக்கு நேரம் இருந்தது.

ஒரு தேதியை மட்டும் குறித்துவையுங்கள்: 1977 ஜூன் 2. குடியை விட்ட நாள். கவிதைகளுக்குள் போக அது வேண்டும்.

1983இல் அவருக்கு ஆண்டுக்கு 35,000 டாலர் வீதம் ஐந்து வருடத்துக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. சிரக்யூஸில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, போர்ட் ஏஞ்சலஸுக்குப் போய்க் கவிதையாக எழுதித் தள்ளினார். முதலில் 'கிரேவி' என்ற கவிதையைப் படியுங்கள். குழம்பு என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்பாராமல் கிடைத்த உபரிக்கு அமெரிக்கப் பேச்சில் அதுதான் சொல். குடியை விட்டபின் கிடைத்த வருடங்களைத்தான் அப்படிச் சொல்கிறார். 1988 ஆகஸ்ட் 2 அன்று, 50 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை இன்னொரு தடவை படியுங்கள்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் மரணத்தைப் பற்றிய 'எரண்ட்' கதையைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். ஷாம்பெயின் பாட்டிலின் தக்கை ஒன்று தரையில் கிடக்கும். அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.