வண்டியை நிறுத்தியும் ஃபேன் ஓடுகிறதா?

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறி, சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சில நிமிடம் ஓடினால் பயம் வேண்டாம். பல கார்களில் அமைப்பே அப்படித்தான். காலையில், சாவி போடாமலே, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதும் ஓடினால்தான் கோளாறு.

ஃபேன் ரிலேயை, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச் பெட்டியை, பிடுங்கிப் பாருங்கள். எது என்று பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே படம் இருக்கும். (இறக்கைப் பக்கம் கை போகக் கூடாது!) பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் வயரிங் ஷார்ட்டாக இருக்கலாம். நின்றுவிட்டதா? அதே நம்பர் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் அதைச் செருகுங்கள். இப்போது ஓடாவிட்டால் பழைய ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது, புதிது போட்டால் சரி. மறுபடி ஓடினால் இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரையோ அதன் வயரையோ எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

தள்ளிப்போடாதீர்கள். எனக்கு ஒரே ராத்திரியில் பேட்டரி காலி. இறக்கமான இடமாக இருந்ததால் தள்ளி ஸ்டார்ட் செய்தேன்.