பட்டத்தின் பெயரில் மயங்காதீர்கள், ஐ-20இல் உள்ள எண்ணைப் பாருங்கள்

அமெரிக்காவுக்கு நூலக அறிவியலோ தகவல் மேலாண்மையோ படிக்க வருகிறவர்கள் ஊர்க் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அங்கே ஏதோ ஒரு டிகிரி, அதன்மேல் நூலக அறிவியலில் ஓராண்டு பி.லிப்., இன்னோர் ஆண்டு எம்.லிப். இங்கே நூலகர் வேலைக்கு நுழைவாசலே முதுகலைதான். பெரும்பாலும் 36 முதல் 48 கிரெடிட் (பாட அளவின் அலகு). மூன்றாண்டு டிகிரி மட்டும் காட்டினால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. பி.லிப். முடித்திருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

விண்ணப்பம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம், விசா நேர்காணல் எல்லாம் ஏஜெண்டே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது ஒன்று உண்டு.

இலினாய்ஸ் அர்பானா-சாம்பெய்ன், சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஒரே துறை இரண்டு முதுகலைகள் நடத்துகிறது: ஒன்று நூலக அறிவியல், மற்றது தகவல் மேலாண்மை. பல பாடங்கள் பொதுவானவை. ஆனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் அதன் பாடப்பிரிவைக் குறிக்கும் சிஐபி என்றொரு ஆறிலக்க எண் உண்டு. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயரருகே இருக்கும். 11.0401 என்றால் தகவல் அறிவியல், அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ளது. படித்த துறையில் வேலை பார்க்க மாணவருக்குத் தரும் 12 மாத அனுமதியான ஓபிடி முடிந்ததும் இன்னும் 24 மாதம் கேட்கலாம். 25.0101 என்றால் நூலக அறிவியல், பட்டியலில் இல்லை. 12 மாதத்தோடு சரி. கடன் வாங்கிப் படித்தவருக்கு இந்த 24 மாதச் சம்பளம்தான் கடனை அடைக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே எண்ணை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை செல்லாது.

அதற்காக 25.0101 வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நூலகர் பணிக்குப் பெரும்பாலான விளம்பரங்கள் அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முதுகலையைத்தான் கேட்கும். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை கிடைத்தால் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலும் இல்லை, ஆண்டு உச்சவரம்பும் இல்லை. ஊர், மாவட்ட நூலகங்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. சங்கம் அங்கீகரிப்பது முதுகலையை மட்டுமே. இளங்கலைக்கும் அது உண்டு என்று ஏஜெண்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவைப் பார்க்கும்போது ஆண்டுக் கட்டணத்தை ஒப்பிடாதீர்கள். கிரெடிட் விலையை மொத்த கிரெடிட்டால் பெருக்கி, கட்டாயக் காப்பீட்டையும் இதரக் கட்டணத்தையும் கூட்டுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தாருக்குத் தரும் குறைந்த உள்மாநிலக் கட்டணம் எஃப்-1 மாணவர் விசாக்காரருக்குப் பொதுவாகக் கிடைக்காது. விலையை உண்மையாகவே குறைப்பது உதவியாளர் பணிதான்: வாரம் 20 மணி நேரம் வேலை, பல இடங்களில் கட்டண விலக்கோடு மாதச் சம்பளம். சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல் துறை நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் முன்பே எழுதுங்கள்.

சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையவழி நூலகப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு, எந்த மாநிலத்தாருக்கும் ஒரே கட்டணம். எச்-1பிகாரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் தாராளமாகச் சேரலாம். ஆனால் ஓபிடி கிடையாது, வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளப் பயிற்சியும் செய்ய முடியாது. எஃப்-1காரருக்கு இது சரிவராது. பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடம், அதாவது மூன்று கிரெடிட்தான், முழுநேரக் கணக்கில் சேரும்.