ஸ்டேட் ஆடிட்டர் வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடப் போகும் நம்மவர்கள் பலர் செனட்டர், கவர்னர் வரைக்கும் யோசித்துத் தேர்வு செய்கிறார்கள். ‘ஸ்டேட் ஆடிட்டர்’ (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்பவர்) என்ற வரி வந்ததும் கட்சியைப் பார்த்து நிரப்புகிறார்கள், அல்லது காலியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். நான் மிசூரியில் ஒரு பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆடிட்டர்கள் வந்தால் அவர்கள் கேட்கும் பில்லையும் வவுச்சரையும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே எத்தனை செலவுகள் ஒழுங்காக நடக்கின்றன என்று பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதனால் சொல்கிறேன், ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும், இந்தப் பதவிக்கு நிற்பவரின் அரசியல் வாழ்க்கையை நன்றாகவே படித்துவிடலாம்.

முதலில், உங்கள் மாநிலத்தில் ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று பாருங்கள். சுமார் பாதி மாநிலங்களில்தான் மக்கள் ஓட்டு. டெக்சஸில் சட்டமன்றக் குழு நியமிக்கிறது. தேர்தல் நடக்கும் இடத்திலும் வேலை ஒரே மாதிரி இருக்காது. மொன்டானாவில் ஸ்டேட் ஆடிட்டர் என்பவர் இன்சூரன்ஸையும் பங்குப் பத்திரங்களையும் கண்காணிப்பவர். மினசோட்டாவில் அவர் பார்ப்பது கவுண்டி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகளின் கணக்கு. மாநிலத் துறைகளைச் சட்டமன்றத்தின் ஆடிட்டர் தனியாகப் பார்க்கிறார். ஒஹாயோவில் தொகுதி எல்லைகளை வரையும் 7 பேர் கமிஷனில் ஆடிட்டருக்கும் ஓர் இடம் உண்டு. வட கரோலினாவில் மாநிலத் தேர்தல் வாரியத்துக்கு ஆள் நியமிக்கும் அதிகாரத்தை 2024 டிசம்பரில் சட்டமன்றம் கவர்னரிடமிருந்து எடுத்து ஆடிட்டருக்குக் கொடுத்துவிட்டது. கணக்கு பார்க்கும் பதவிதானே என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது தேர்தல் காலண்டர். என்னைக் கேட்டால் ஓர் ஆடிட்டரின் அரசியல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி இல்லை. மிசூரியில் கவர்னர் தேர்தல் ஜனாதிபதி தேர்தலோடு வரும். ஆடிட்டர் தேர்தல் மட்டும் இடைப்பட்ட ஆண்டில், 2018, 2022 என்று வரும். அதாவது ஆடிட்டராக இருப்பவர் தன் நாற்காலியை விடாமலேயே கவர்னருக்கு நின்று பார்க்கலாம், தோற்றாலும் பதவி பத்திரம். கிட் பாண்ட் 1970-ல் ஆடிட்டராக ஜெயித்து, 1972-ல் கவர்னராகவே ஜெயித்துவிட்டார். அவர் விட்டுப்போன இடத்துக்கு நியமித்த ஆள் ஜான் ஆஷ்கிராஃப்ட். 1974-ல் மக்கள் ஆஷ்கிராஃப்டைத் தோற்கடித்தார்கள், ஆனாலும் பின்னால் அவர் கவர்னர், செனட்டர், நாட்டின் அட்டர்னி ஜெனரல் வரை போனார். கிளேர் மெக்காஸ்கில் ஆடிட்டராக இருந்துகொண்டே 2004-ல் பதவியிலிருந்த சொந்தக் கட்சிக் கவர்னரை பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வீழ்த்தினார். பொதுத்தேர்தலில் தோற்றார், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார், 2006-ல் செனட்டுக்கு ஜெயித்தார். நிக்கோல் கேலவேயும் 2020-ல் இதே வழியில் முயன்று தோற்றார். ஐயோவாவில் அப்படி முடியாது. அங்கே இரண்டு தேர்தலும் ஒரே ஆண்டில் நடப்பதால், 2026 கவர்னர் போட்டியில் இறங்கிய ராப் சாண்ட் ஆடிட்டர் பதவியை விட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்தியாவில் சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) பதவி முடிந்த பிறகு மத்திய, மாநில அரசில் வேறு பதவி வகிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 148-வது பிரிவு சொல்கிறது. இங்கே அந்தத் தடை இல்லை. மேலே போக ஆசைப்படுவது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ரே மேபஸ் 1980-களில் மிசிசிப்பி ஆடிட்டராக கவுண்டி சூப்பர்வைசர்களின் ஊழலைத் தோண்டி எடுத்துத்தான் கவர்னர் ஆனார். மாநிலத்துக்கு அதில் லாபம்தான். ஆனால் அடுத்த தேர்தலைக் கண்ணில் வைத்திருப்பவர் யாரை ஆடிட் செய்தார், யாரைத் தொடாமல் விட்டார் என்று நாம் பார்த்தாக வேண்டும்.

அதற்கு ஆடிட்டரின் பத்திரிகைச் செய்திகளை ஒதுக்கி வைத்துவிட்டு அறிக்கைகளைத் திறங்கள். எல்லாம் அவர்களுடைய தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நூறு பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், நேராகக் குறைபாடுகள் பட்டியலுக்குப் போங்கள். ஒழுங்காக எழுதிய குறைபாட்டில் நான்கு விஷயம் இருக்கும்: என்ன நடந்திருக்கிறது, விதிப்படி எப்படி நடந்திருக்க வேண்டும், ஏன் இப்படி ஆனது, அதனால் என்ன பாதிப்பு. ‘ஏன்’ என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். “ஊழியர் கவனக்குறைவு” என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் ஆழமாகப் போகவில்லை என்று அர்த்தம். பணம் வாங்குபவரும் வங்கியில் கட்டுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆள், மேலே சரிபார்க்க யாருமில்லை என்று எழுதியிருந்தால், அந்த ஆடிட்டரின் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். கீழே அந்தத் துறை கொடுத்த பதிலும் இருக்கும். மத்திய அரசுப் பணம் சம்பந்தப்பட்ட ஆடிட் என்றால் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் 2023-001 என்கிற மாதிரி ஆண்டோடு ஓர் எண் இருக்கும். பழைய குறையே திரும்ப வந்தால் பழைய எண்ணையும் போட வேண்டும். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். ஒரே குறை வருஷா வருஷம் வந்தும் ஆடிட்டர் குரலை உயர்த்தவில்லை என்றால் அது உங்களுக்குத் தெரிந்துவிடும். மிசூரி அறிக்கைகளில் இன்னொரு வசதி, எக்ஸலண்ட், குட், ஃபேர், புவர் என்று மதிப்பீடே போட்டிருப்பார்கள்.

சரி, சொந்தக் கட்சிக்காரர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? மாசசூசெட்ஸ் ஆடிட்டர் டயானா டிசோக்லியோ டெமாக்ரட். தன் கட்சியின் கையில் இருக்கும் சட்டமன்றத்தையே ஆடிட் செய்வேன் என்று நின்று, அதை 2024-ல் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது, சட்டமன்றம் அப்படியும் இறங்கி வரவில்லை. மிசிசிப்பியில் ஷாட் ஒயிட்டை 2018-ல் ஆடிட்டராக நியமித்தவர், அவருடைய ரிபப்ளிகன் கட்சியையே சேர்ந்த கவர்னர் ஃபில் பிரையன்ட். பிரையன்ட் ஆட்சியில் நலத்துறையை நடத்திய ஜான் டேவிஸ், ஏழைகளுக்கான பணத்தைத் திசைதிருப்பிய வழக்கில் ஒயிட்டின் விசாரணையால் 2020-ல் கைதாகி, பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரையன்டிடம் அதே கடுமையைக் காட்டவில்லை என்ற விமர்சனமும் ஒயிட் மீது உண்டு. இரண்டையும் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேட்பாளரின் முந்தைய பதவியையும் பாருங்கள். எங்கள் மாநிலத்தில் 2022-ல் ஜெயித்த ஸ்காட் ஃபிட்ஸ்பேட்ரிக் அதுவரை மாநிலப் பொருளாளர். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் யாராக இருந்தாலும், தான் நடத்திய அலுவலகத்தின் கணக்கு ஆடிட்டுக்கு வரும்போது எப்படி விலகி நிற்பார் என்று பிரச்சாரக் கூட்டத்தில் கேட்கலாம். நன்கொடைப் பட்டியலை மாநிலத்தின் தேர்தல் நிதித் தளத்தில் தேடுங்கள். அரசு ஆடிட் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிபிஏ (இந்தியாவின் சிஏ போன்ற கணக்காளர் தகுதி) இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெக்காஸ்கிலும் சாண்டும் வக்கீல்கள், அரசுத் தரப்பில் வழக்கு நடத்திப் பழகியவர்கள். கணக்கு பார்க்க அலுவலகத்தில் ஆட்கள் உண்டு. அந்த அலுவலகத்தின் தரத்தை வெளி ஆட்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை சோதிக்கிறார்கள். அந்த முடிவையும் தேடி எடுங்கள்.

பதவியில் இருப்பவரின் கையைக் கட்டிவிட்டு, அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எதிர்க்கட்சி விளம்பரம் போடுவதும் நடக்கும். ஐயோவாவில் 2023-ல் சட்டம் போட்டு, சாண்ட் கேட்டு வாங்கக்கூடிய தகவல்களைக் குறைத்தார்கள். மினசோட்டாவில் கவுண்டிகள் தனியார் நிறுவனத்திடம் ஆடிட் செய்துகொள்ளலாம் என்று 2015-ல் சட்டம் வந்தது. அப்போதைய ஆடிட்டர் ரெபெக்கா ஓட்டோ அதை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-ல் தோற்றார். அறிக்கைகள் திடீரென்று குறைந்திருந்தால், இப்படி ஏதும் சட்டம் வந்ததா என்று பார்த்துவிட்டுப் பழி போடுங்கள்.

தேர்தல் முடிந்த பிறகு ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொள்ளுங்கள், புது அறிக்கைகள் தானாக வரும். மிசூரியில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். உங்கள் ஊர் நிர்வாகத்தின் கணக்கில் சந்தேகம் இருந்தால் கையெழுத்து திரட்டி மனு கொடுத்து ஸ்டேட் ஆடிட்டரை வரவழைக்கலாம். எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது கடந்த கவர்னர் தேர்தலில் உங்கள் ஊரில் விழுந்த ஓட்டைப் பொறுத்தது. ஆடிட் செலவு ஊர் நிர்வாகத்தின் தலையில்தான் விழும், அதையும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்குங்கள்.