குறட்டைச் சத்தம் நின்றுவிட்டதா? அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள்

தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவு டெக்னீஷியன் வேலை எனக்கு. வருகிறவர்களின் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிவிட்டு, அவர்கள் தூங்குவதைப் பக்கத்து அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேராக இங்கே வருகிறவர்கள் குறைவு. குறட்டையை நிறுத்த மூக்குக் கிளிப், தாடைப் பட்டை, விதவிதமான தலையணை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். போன வருடம் வந்தவர் செய்ததையே இந்த வருடம் வருகிறவரும் செய்துவிட்டு வந்து நிற்கிறார். அப்படி நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். மது, புகை, எடை பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தத்தை மட்டும் அடக்குவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத எரிச்சல் இதில்தான்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு போகும் வழி குறுகும். குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது மெல்லண்ணமும் (வாயின் மேற்கூரையில் பின்பக்க மென்சதை) உள்நாக்கும் ஈரத்துணி போலப் படபடக்கும். அதுதான் குறட்டை. பலருக்கு அத்தோடு சரி. சிலருக்கு அந்த வழி முழுசாகவே அடைத்துக்கொள்ளும். இப்படித் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறுக்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். அப்போது என்ன சத்தம் வரும்? ஒன்றும் வராது. காற்றே போகாத இடத்தில் எது அதிரும்?

திரையில் இது நன்றாகத் தெரியும். மூக்கடியில் வைத்த குழாயின் கோடு தட்டையாகிவிடும். மைக்கும் அமைதி. ஆனால் மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் ஆடிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியபடி. உடம்பு மூச்சை இழுக்கிறது, காற்றுதான் உள்ளே போகவில்லை. சற்றுப் பிந்தி, விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் எண் இறங்கும்: 95, 91, 86. மூளை அலை சட்டென்று விழிப்புக்குத் தாவும், பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்.

இப்படி மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதைக் கணக்கில் எடுப்போம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறைக்குக் கீழே என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஆய்வு எதுவும் செய்யாமலேயே அண்ணத்தில் அறுவை சிகிச்சை முடித்திருந்தார். பணமும் போனது, பல நாள் எச்சில் விழுங்கவே பாடுபட்டிருக்கிறார். குறட்டை அடங்கிவிட்டது, மனைவிக்கும் நிம்மதி. ஆனால் சிக்னலில் வண்டி நிற்கும் நேரத்தில்கூடக் கண் சொருகுகிறது என்று வந்திருந்தார். அன்றிரவு கிடைத்த எண் 30-ஐத் தாண்டியது. முன்பு சத்தமாவது காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் எதுவும் கேட்காது. ஆபரேஷனுக்கு முன்னால் அந்த எண் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாததால், கொஞ்சமாவது பலன் கிடைத்ததா என்றுகூடச் சொல்ல வழியில்லை. கத்தியே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பொருத்தமானவர்களுக்கு அது உதவும். முதலில் அளந்துவிட்டு வையுங்கள் என்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். உடன் படுப்பவரைச் சத்தத்தை விட்டுவிட்டு இடைவெளியைக் கவனிக்கச் சொல்லுங்கள். தனியாகப் படுப்பவர் போனில் பதிவு செய்யலாம். குறட்டை, நிசப்தம், திணறல், மறுபடி குறட்டை என்று வந்தாலோ, பகலில் தூங்கி விழுந்தாலோ, காலையில் தலைவலித்தாலோ, மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்க மறுத்தாலோ ஆய்வுக்குப் போங்கள். பலருக்கு வீட்டிலேயே கருவி மாட்டியும் செய்ய முடியும்.

தாமாகவே தூக்க மாத்திரை போடுவது

வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்த தொண்டையைச் சில மாத்திரைகள் இன்னும் தளர்த்திவிடும்.

வாய்க்குப் பிளாஸ்திரி

மூக்கும் அடைத்துக்கொண்டால் எதால் மூச்சு விடுவீர்கள்?

தலையணைமேல் தலையணை

தலை மட்டும் உயர்ந்து கழுத்து மடங்கும், தாடை நெஞ்சைத் தொடும், வழி இன்னும் குறுகும். உயர்த்துவதானால் முதுகிலிருந்தே சாய்வாக உயர்த்துங்கள். மல்லாக்கப் படுத்தால் மட்டும் குறட்டை விடுகிறவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரிய மாற்றம் தரும்.

மாஸ்க்கை இறுக்கிக்கொண்டே போவது

1981-ல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். மூக்கு வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தி, தொண்டை மூடாமல் பிடித்து வைப்பது. இன்றைய சிபாப் கருவி அதன் வழிவந்ததுதான். கருவி நல்லது, ஆனால் முதல் வாரத்திலேயே பரணுக்குப் போய்விடுகிறது. காரணம் பெரும்பாலும் அந்தக் காற்றைத் தர முகத்தில் மாட்டும் மாஸ்க். காற்று கசிகிறது என்று பட்டையை இழுக்கிறார்கள். ஓர விளிம்பு மடங்கி இன்னும் கசிகிறது. இன்னும் இழுக்கிறார்கள். காலையில் மூக்குத்தண்டில் சிவந்த தழும்போடு வந்து, "இது எனக்கு ஒத்துவராது" என்கிறார்கள்.

உட்கார்ந்துகொண்டு சரிசெய்வதால் வரும் வினை இது. படுத்தால் முகத்தின் சதை இடம் மாறும். அதனால் தூங்கும் நிலையிலேயே படுத்து, கருவியை ஓடவிட்டு, பட்டைகளைத் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள், விளிம்பு காற்றில் உப்பித் தானாக உட்காரும். அப்புறம் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் அளவு தவறு, வேறு மாஸ்க் கேளுங்கள். தொண்டை வறண்டால் ஈரப்பதம் தரும் பகுதியைப் பயன்படுத்துங்கள். இவ்வளவையும் முதல் நாளே யாராவது படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால், பாதிப் பேர் கருவியை மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.

ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு ஸ்லீப் ஆப்னியா வராது

வரும். சின்னத் தாடை போதும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்பு கூடும்.

குழந்தையின் குறட்டையைப் பார்த்துச் சிரிப்பது

விளையாடிய களைப்பில் அசந்து தூங்குகிறான் என்று வீடியோ எடுக்கிறார்கள். சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் பல இரவு குறட்டை விட்டால், தொண்டையிலுள்ள டான்சிலோ மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையோ வீங்கி வழியை அடைத்திருக்கலாம். பெரியவர்களைப் போலக் குழந்தைகள் பகலில் தூங்கி வழிய வேண்டும் என்றில்லை, துறுதுறுவென்று நிலைகொள்ளாமல் திரிவார்கள், படிப்பில் கவனம் நிற்காது. எடுத்த வீடியோவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அவருக்கு அது நிஜமாகவே உதவும்.