போலீஸ் ஸ்டாஃப் லிஸ்ட் கைல இருக்கா? அனுப்பறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

எஸ்பி ஆஃபீஸ்ல மினிஸ்டீரியல் வேலை பாக்கறவங்க, ஸ்டேஷன் ரைட்டருங்க, ஆயுதப்படைல டூட்டி போடறவங்க, அவங்க குடுக்கற லிஸ்ட்ட டைப் அடிச்சு பிரிண்ட் போட்டுத் தர்ற ஜெராக்ஸ் கடைக்காரங்க, போலீஸ்காரங்க வீட்ல இருக்கறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன். நான் வேலூர் சத்துவாச்சாரில எக்ஸெல் கிளாஸ் எடுக்கறேன், கவர்மெண்ட் ஆஃபீஸ்ல இருந்து நிறைய பேர் வர்றாங்க, வந்தவுடனே "சார் ஹேக்கர் உள்ள வந்தா இன்னா பண்றது"ன்னுதான் கேப்பாங்க. ஹேக்கர் பயம் நியாயம்தான், ஆனா ஒரு போலீஸ் துறையோட மொத்த ஆளுங்க பேரும் ஒரே நாள்ல வெளிய போன கதைல ஹேக்கரே கிடையாது, ஆஃபீஸ்ல உக்காந்து ஒரு மனுவுக்கு ஒழுங்கா பதில் குடுத்தவங்க கையால போனதுதான்.

வட அயர்லாந்துல நடந்துச்சு, 2023 ஆகஸ்ட் 8. நம்ம ஊரு ஆர்டிஐ மாதிரி அங்கயும் தகவல் கேக்கற சட்டம் இருக்கு, ஒருத்தர் ஒவ்வொரு ரேங்க்லயும் எத்தன பேர் இருக்காங்கன்னு மட்டும் கேட்டிருந்தார். எண்ணிக்கைதான், பேர் கூட கேக்கல. அதுக்கு ஊழியருங்க விவரம் வெச்சிருக்கற ஹெச்ஆர் சிஸ்டத்துல இருந்து மொத்த டேட்டாவையும் எக்ஸெல்ல இறக்கி, அதுல இருந்து கணக்கு போட்டு, கண்ணுக்குத் தெரிஞ்ச வேலை ஷீட்டயெல்லாம் அழிச்சாங்க. ஆனா மூல ஷீட் மறைஞ்சுக்கினு அதே ஃபைல்லயே இருந்துச்சு. சரிபாக்கற கட்டத்துலயும் யார் கண்லயும் படல. ஃபைல் பொது வெப்சைட்ல ஏறிடுச்சு, ரெண்டு மூணு மணி நேரத்துல எடுத்துட்டாங்க, அதுக்குள்ள 9,483 பேரோட குடும்பப் பேர், இனிஷியல், ரேங்க், எந்த ஊர், எந்தப் பிரிவு எல்லாம் போயாச்சு. உளவுப் பிரிவுல இருக்கறவங்களும் அதுல அடக்கம். அந்த வருஷம் பிப்ரவரிலதான் அங்க ஓமா ஊர்ல ஒரு பெரிய போலீஸ் அதிகாரிய சுட்டிருந்தாங்க, அந்தச் சூட்டோட இது வந்துச்சு. தலைமை அதிகாரி சைமன் பைர்ன் செப்டம்பர்ல பதவிய விட்டுப் போனார், 2024 அக்டோபர்ல பிரிட்டனோட தகவல் ஆணையர் ஆஃபீஸ் 7,50,000 பவுண்டு ஃபைன் போட்டுச்சு. வீட்டயே மாத்திக்கினு போனவங்க உண்டு. சொந்தக்காரங்களுக்குக் கூட போலீஸ்ல இருக்கறது தெரியாம வாழ்ந்துக்கினு இருந்தவங்க நிலைமைய நெனச்சுப் பாருங்க.

நம்ம ஊர்லயும் நடக்காம இல்ல. 2024 மே மாசம் தமிழ்நாடு போலீஸோட முக அடையாள மென்பொருள் போர்ட்டல்ல ஆள் புகுந்துட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, ஒரு அட்மின் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் வெளிய போனதுதான் காரணம்னு போலீஸ் தரப்புலயே சொன்னாங்க. அது வேற ரகம், கை தவறி போனது இல்ல. ஆனா ஒரே ஒரு பாஸ்வேர்டால எவ்ளோ தூரம் போகலாம்னு தெரிஞ்சுக்க அது போதும்.

"பேர்தானே சார், அட்ரஸ் இல்லயே, பேட்ஜ்லயே பேர் குத்திக்கினுதானே டூட்டி பாக்கறாங்க"ன்னு சில பேர் சொல்வாங்க. ஒரு ஏட்டய்யா பேர் அவர் நிக்கிற சிக்னல்ல தெரியறது வேற, மாவட்டத்துல யார் யார் எந்தப் பிரிவுன்னு ஒரே டேபிள்ல கெடைக்கறது வேற. நம்ம பக்கம் பாலாத்துல மணல் லாரி புடிக்கற டீம் இருக்கு, ஆந்திரா பார்டர்ல செம்மரம் புடிக்கறவங்க இருக்காங்க, ஜவ்வாது மலை சாராய ரெய்டுக்கு போறவங்க இருக்காங்க, தொரப்பாடி ஜெயில்ல இருந்து கைதிய கோர்ட்டுக்கு இட்டுக்கினு போற எஸ்கார்ட் ஆளுங்க இருக்காங்க. இவங்க மேல காண்டுல இருக்கறவனுக்கு பேரும் பிரிவும் கெடச்சா மீதிய அவனே தேடிப்பான், ஃபேஸ்புக்ல பேர் போட்டா பொண்டாட்டி புள்ள போட்டோ, புள்ள போற ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு வாசல்ல நிக்கிற வண்டி நம்பர், எல்லாம் வந்துடும். லிஸ்ட்ல செல் நம்பரும் இருந்தா இன்னொரு ஆபத்தும் சேருது, நிஜமான ரேங்க், நிஜமான பேர், நிஜமான ஸ்டேஷன் சொல்லி டிஜிட்டல் அரெஸ்ட்னு மிரட்டி பணம் புடுங்கறவனுக்கு அந்த லிஸ்ட் அல்வா. அப்ப பாதிக்கப்படறது போலீஸ்காரங்க மட்டும் இல்ல, பொதுமக்களும்தான்.

இப்ப ஃபைலுக்கு வருவோம். எக்ஸெல்லதான் ரொம்ப நேரம் நிக்கப் போறேன், ஏன்னா அதுலதான் கண்ணுக்குத் தெரியாம நிறைய ஒளிஞ்சுக்கினு இருக்கும்.

மொதல்ல ஃபைல தொறந்து கீழ ஷீட் பேர் இருக்கற பட்டைய பாருங்க. ஏதாவது ஒரு ஷீட் பேர் மேல ரைட் கிளிக் பண்ணுங்க, அன்ஹைட்னு ஒண்ணு இருக்கும். அது மங்கலா இருந்தா மறைச்ச ஷீட் இல்லன்னு பெரும்பாலும் நம்பலாம், பளிச்சுனு இருந்தா உள்ள ஒண்ணு உக்காந்திருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா, வெரி ஹிட்டன்னு இன்னொரு வகை இருக்கு, அது இந்த மெனுல தலையே காட்டாது. ஷீட் நிறைய இருந்தா பட்டைல எடம் பத்தாம ஓரத்துல மூணு புள்ளி மட்டும் தெரியும், அதுக்குப் பின்னாடி எத்தன ஷீட் இருக்குன்னு அம்புக்குறிய அழுத்தி கடைசி வரைக்கும் போய் பாத்துடுங்க.

அடுத்தது பிவட் டேபிள், அதாவது பெரிய லிஸ்ட்ட சுருக்கி கணக்கு காட்டற டேபிள். இத கிளாஸ்ல காட்டறப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் ஆடிப் போயிடறாங்க. ஸ்டேஷன் வாரியா எத்தன பேர்னு ஒரு சின்ன பிவட் போட்டு, ஒரிஜினல் ஷீட்ட சுத்தமா டெலீட் பண்ணி, சேவ் பண்ணி, மூடி, திரும்ப தொறங்க. காட்பாடி 42னு இருக்கற கட்டத்து மேல ரெண்டு தடவ கிளிக் பண்ணுங்க. புது ஷீட் ஒண்ணு தொறந்து அந்த 42 பேரோட முழு வரியும், பேர், நம்பர், செல், எல்லாம் அப்பிடியே வந்து நிக்கும். ஷீட்ட அழிச்சாலும் பிவட் தனக்குள்ள ஒரு காப்பி வெச்சிருக்கும். நாம எண்ணிக்கை மட்டும் அனுப்பறோம்னு நெனச்சுக்கினு முழு பூசணிக்காய சோத்துல மறைச்சு அனுப்பறோம்.

அது தவிர ஃபில்டர் போட்டு மறைஞ்ச வரிங்க, ஹைட் பண்ண காலம், வெள்ளை எழுத்து, ஓரத்துல இருக்கற கமெண்ட். ஒவ்வொண்ணா தேடிக்கினு இருந்தா எதயாவது விட்டுடுவோம். அதனால நான் சொல்ற வழி ஒண்ணுதான்: மூல ஃபைல வெளிய அனுப்பவே அனுப்பாதீங்க. புதுசா ஒரு வெறும் ஃபைல் தொறங்க, குடுக்க வேண்டிய கட்டங்கள மட்டும் செலக்ட் பண்ணி காப்பி பண்ணி அதுல பேஸ்ட் ஸ்பெஷல் போய் வேல்யூஸ்னு ஒட்டுங்க, அத மட்டும் அனுப்புங்க. எண்ணிக்கை மட்டும் கேட்டிருந்தா நாலு வரில வேர்ட்ல டைப் அடிச்சே குடுத்துடலாம், கேட்டவருக்கு அதுவே போதும். டேபிளாதான் வேணும்னா சிஎஸ்வியா (வெறும் எழுத்தும் நம்பரும் மட்டும் இருக்கற ஃபைல்) சேவ் பண்ணுங்க, அதுல தொறந்திருக்கற ஒரு ஷீட்டுதான் போகும். ஆனா அந்த ஷீட்லயே மறைச்ச வரி இருந்தா அதுவும் சேந்து போகும், அதனால புது ஃபைல்ல ஒட்டினதுக்கு அப்புறம்தான் சிஎஸ்வி. கடைசியா ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்னு போய் ஒரு தடவ ஓட்டிடுங்க.

சரிபாக்கறவர் வேற ஆளா இருக்கணும், அவர் வேற கம்ப்யூட்டர்ல, மெயில்ல போகப் போற அதே ஃபைல தொறந்து பாக்கணும். பிரிண்ட் எடுத்து பாத்துட்டு கையெழுத்து போடறது சரிபாக்கறது ஆவாது, பேப்பர்ல மறைஞ்ச ஷீட் வராது. அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாதுன்னு பெரியவங்க சும்மா சொல்லல, சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு "இன்னிக்கே போவணும்"னு வர்ற ஃபைலதான் மறுநாள் காலைல அனுப்பணும்னு ஆஃபீஸ்ல ஒரு வழக்கம் வெச்சிக்கோங்க.

பிடிஎஃப்ல பேர் மேல கருப்பு பட்டை வரைஞ்சா மறைஞ்சுடுச்சுன்னு நெனைக்காதீங்க. அந்த இடத்த செலக்ட் பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, பேர் வந்துச்சுன்னா மறையல. பிரிண்ட் எடுத்து பேர நல்லா அடிச்சு, அத ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸ ஸ்கேன் பண்ணி அனுப்பறது பழைய வழிதான், ஆனா நம்பகமான வழி.

ஆர்டிஐ மனு வர்றப்ப இன்னொண்ணு கவனிக்கணும். கேக்கறவர எதிரியா பாக்காதீங்க, எத்தன பேர் இருக்காங்க எத்தன இடம் காலின்னு தெரிஞ்சுக்க அவருக்கு உரிமை இருக்கு, வட அயர்லாந்துல கேட்டவர் மேலயும் ஒரு தப்பும் இல்ல. 2005ம் வருஷத்து சட்டத்துல பிரிவு 8(1)(ஜி) ஒருத்தரோட உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்னா அந்தத் தகவல குடுக்க வேணாம்னு சொல்லுது, பிரிவு 10 அந்தப் பகுதிய மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மீதிய குடுக்கச் சொல்லுது. ரெண்டயும் சேத்து படிச்சா வழி தெரியும், எண்ணிக்கைய குடுங்க, பேர எடுங்க, மொத்தமா மறுக்காதீங்க.

நம்ம ஊர்ல எக்ஸெல்ல விட அதிகமா கசியறது பந்தோபஸ்து லிஸ்ட்தான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவோ, வேலூர் புஷ்பப் பல்லக்கோ, யாராவது மந்திரி வர்றாரோ, பேர், நம்பர், செல், எந்த பாயிண்ட், எத்தன மணிலருந்து எத்தன மணி வரைக்கும், எல்லாம் ஒரே பிடிஎஃப்ல போட்டு வாட்ஸப் குரூப்ல விட்டுடறாங்க, அந்த குரூப்ல டிரான்ஸ்ஃபர் ஆகிப் போனவங்க, ரிட்டயர் ஆனவங்க, சில நேரம் நிருபருங்க கூட இருக்காங்க. யார் எப்ப வீட்ல இல்லன்னு சொல்ற லிஸ்ட் அது. குரூப்ல பாயிண்டும் நேரமும் மட்டும் போடுங்க, செல் நம்பர் லிஸ்ட் இன்ஸ்பெக்டர் கைல இருக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவ குரூப்ல யார் யார் இருக்காங்கன்னு பாத்து வேணாதவங்கள எடுங்க.

கூகுள் ஷீட்ல லிஸ்ட் வெச்சிருந்தா ஷேர் பட்டன அழுத்தி எனிஒன் வித் த லிங்க்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா உடனே ரெஸ்ட்ரிக்டட்னு மாத்துங்க. நிறைய பேருக்கு மெயில் போறப்ப எல்லா அட்ரஸும் பிசிசி கட்டத்துல போடுங்க, அப்பதான் ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரியாது. டூ கட்டத்துல ஒரு எழுத்து அடிச்சவுடனே மெயில் தானா ஒரு பேர காட்டும், அது நீங்க நெனச்ச ஆள்தானான்னு முழுசா படிங்க.

ஜெராக்ஸ் கடை அண்ணன்களே, உங்களுக்கும் பெரிய பொறுப்பு இருக்கு. கலெக்டர் ஆஃபீஸ் சுத்தி இருக்கற கடைங்கள்ல வாட்ஸப் வெப் எப்பவும் தொறந்தே இருக்கும், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல பே பில்லும் டிரான்ஸ்ஃபர் ஆர்டரும் மாசக்கணக்கா கெடக்கும், அடுத்து வர்ற கஸ்டமர் அதே ஃபோல்டர்ல தன் ஃபைல தேடுவான். வேலை முடிஞ்சவுடனே அவங்க கண்ணு முன்னாடியே டெலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணிடுங்க. சரியா வராத பிரிண்ட்ட கிழிச்சுப் போடுங்க, பேப்பர் கடைக்கு எடை போட்டு அனுப்பாதீங்க, அந்தப் பேப்பர் பஜ்ஜி கட்டற வரைக்கும் போகும்.

வீட்ல இருக்கறவங்க ஒண்ணு ரெண்டு மட்டும் பாத்துக்கோங்க. ஃபேஸ்புக்ல வேலை செய்யற இடம்ங்கற கட்டத்த காலியா விடுங்க, யூனிஃபார்ம் போட்டோவும் வீட்டு வாசல் போட்டோவும் ஒரே அக்கவுண்ட்ல வேணாம். வாட்ஸப்ல போட்டோவ டாக்குமெண்ட்டா அனுப்பினா எடுத்த இடத்தோட ஜிபிஎஸ்ஸும் கூடவே போகும். ஓட்டப் பயிற்சி ஆப் வெச்சிருக்கற தம்பிங்க மேப்ப பிரைவேட்ல போடுங்க, 2017 நவம்பர்ல ஸ்ட்ராவாங்கற ஆப் வெளியிட்ட மேப்ல வெளிநாட்டு ராணுவ முகாமுங்களோட ஓடற பாதை அப்பிடியே தெரிஞ்சது 2018 ஜனவரில உலகம் பூரா பேச்சாச்சு, வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு அங்கயே முடியற கோடு யாருக்கும் தெரியக் கூடாது.

இவ்ளோ பாத்தும் போயிடுச்சுன்னா? மறைக்காதீங்க, இத கை கூப்பி சொல்றேன். அனுப்பின கிளார்க் பயந்துக்கினு ரெண்டு மணி நேரம் சும்மா இருந்தா அந்த ரெண்டு மணி நேரத்துலதான் ஃபைல் ஊர் சுத்தும். மேலதிகாரிங்களும் மொத நாளே மெமோ தூக்கிக்கினு நிக்காதீங்க, அடுத்த தடவ எவனும் வந்து சொல்ல மாட்டான். போஸ்ட்ட எடுங்க, லிங்க்க மூடுங்க, வாட்ஸப்னா டெலீட் ஃபார் எவ்ரிஒன் குடுங்க. ஏற்கெனவே டவுன்லோட் பண்ணவங்க போன்ல அது இருக்கும், அதனால எடுத்தாச்சுன்னு நிம்மதியா உக்காராதீங்க. போன ஃபைல்ல ஒரு காப்பி, எத்தன மணிக்கு போச்சு, யாருக்கு போச்சு, இத குறிச்சு வெச்சிட்டு எஸ்பி ஆஃபீஸுக்கும் சைபர் கிரைம் பிரிவுக்கும் சொல்லுங்க. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னோட 2022 ஏப்ரல் உத்தரவுப்படி டேட்டா கசிஞ்சது தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் போகணும், கவர்மெண்ட் ஆஃபீஸுக்கும் அது உண்டு.

அப்புறம் லிஸ்ட்ல பேர் இருக்கறவங்களுக்கு சொல்லணும், அவங்க டிவில பாத்து தெரிஞ்சுக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்ல முடியலன்னா உளவு வேலை பாக்கறவங்க, ஸ்பெஷல் டீம், எஸ்கார்ட், தனியா குடியிருக்கற பெண் போலீஸ், இவங்களுக்கு மொதல்ல போன் பண்ணி என்னென்ன விவரம் போச்சுன்னு மறைக்காம சொல்லுங்க, வீடு மாத்தணுமா, டூட்டி மாத்தணுமான்னு அவங்களையே கேளுங்க. லிஸ்ட்ல நம்பர் போயிருந்தா வீட்ல இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வெய்ங்க, "ஆஃபீஸ்ல இருந்து பேசறோம், சார் நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க"ன்னு எவன் கேட்டாலும் குடுக்கக் கூடாது, பணம் ஏதாவது போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிக்கணும்.

குரூப்ல அந்த லிஸ்ட் உங்களுக்கு வந்துச்சுன்னா "மச்சான் உன் பேர் இருக்கா பாரு"ன்னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, யார் அனுப்பினாங்கன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைமுக்கு குடுத்துட்டு உங்க போன்ல இருந்து அழிச்சுடுங்க.